காட்டு வீட்டில் குளிர்காலம்: எது பழுதானால் எங்கே பார்ப்பது

ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே இரண்டரை மணி நேரம் காரோட்டினால் ஹலிபேர்ட்டன் வரும். மேப்பிள், பேர்ச், ஹெம்லொக் மரங்கள், அடியில் பாறை, இடையிடையே ஏரிகள். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து நம்மவர்கள் சிலரும் இப்போது இந்தப் பக்கம் இடம் வாங்குகிறார்கள். கோடையில் பார்த்து வாங்குகிறார்கள், குளிர்காலத்தில் தொலைபேசி எடுக்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அவற்றை அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன்.

நகரத்தில் தண்ணீர் மாநகரசபையின் பொறுப்பு. சூடு எரிவாயுக் குழாயில் வரும், கழிவு தெருவுக்கடியில் போய்விடும். இங்கே கிணறு, வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பு, கழிவை வாங்கும் செப்டிக் தொட்டி மூன்றும் உங்கள் காணிக்குள், ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. ஆகவே ஒரு வைத்தியம் வேறெதைப் பாதிக்கும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அடுப்பைப் பற்றவைத்ததும் புகை வீட்டுக்குள் வருகிறது

முதலில் புகைக்குழாயின் டாம்பர் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பலருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

திறந்துதான் இருக்கிறது என்றால், அடுப்பு ஆறிக் கிடக்கும்போது உள்ளே கையை நீட்டிப் பாருங்கள். மேலிருந்து குளிர்காற்று கையில் இறங்குகிறதா? வீட்டுச் சுவருக்கு வெளியே ஏறும் புகைபோக்கிகளில் இது வழக்கம். இரவெல்லாம் உறைந்து கிடந்த குழாயிலுள்ள குளிர்காற்று கனமானது, அது கீழே இறங்கத்தான் பார்க்கும். செய்தித்தாள் ஒன்றை முறுக்கிப் பற்றவைத்து, புகை வெளியேறும் வாய்க்கு அருகே பிடியுங்கள். சில நிமிடங்களில் இழுக்கத் தொடங்கும். அதன் பிறகு விறகை அடுக்கும்போது பெரிய கட்டைகளை அடியிலும் சிராய்களை உச்சியிலும் வைத்து மேலே நெருப்பு வையுங்கள். நம்மூர் அடுப்புப் பழக்கத்துக்கு இது நேர் எதிர், ஆனால் புகைபோக்கி விரைவில் சூடேறும், புகையும் குறையும்.

குழாய் சூடாகியும் புகை திரும்புகிறதா? வீட்டிலுள்ள காற்றை வேறு ஏதோ வெளியே இழுக்கிறது. மீன் பொரிக்கும்போது ஓடும் அடுப்பங்கரை விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அடுப்புக்கு அருகிலுள்ள ஜன்னலை ஓரங்குலம் திறந்ததும் புகை நின்றால் காரணம் உறுதி. குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி அடைத்த அதே வாரம் புகை தொடங்கியதென்றால் மேலே யோசிக்கவே தேவையில்லை. நிரந்தரத் தீர்வு, அடுப்புக்கென்று வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் போடுவது.

நவம்பரில் நன்றாக இழுத்த புகைபோக்கி ஜனவரியில் மெல்ல மெல்ல மந்தமாகிறது என்றால் உச்சியிலுள்ள மூடியின் கம்பிவலை அடைத்திருக்கும். கீழே நின்று தொலைநோக்கியால் பாருங்கள். பனி படிந்த கூரையில் ஏற வேண்டாம்.

விறகு சீறுகிறது, கண்ணாடி கறுத்துப் போகிறது

கட்டையின் வெட்டுமுகத்தில் நீர் நுரைத்துக் குமிழியிட்டால் ஈர விறகு. விற்றவர் காய்ந்தது என்றுதான் சொல்லியிருப்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எரிக்கத்தக்க விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி கையடக்கமானது, வன்பொருள் கடையில் கிடைக்கும். ஆனால் வெளியே உறைந்து கிடக்கும் கட்டையின் மேற்பரப்பில் குத்தினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு நாள் வீட்டுக்குள் வைத்து, பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

பிளந்து அடுக்கிய மேப்பிளுக்கும் பேர்ச்சுக்கும் முழுக் கோடை ஒன்று வேண்டும், ஓக்குக்கு இரண்டு. ஜனவரியில் இதைச் சொல்லி என்ன பயன் என்பீர்கள். இப்போதைக்கு மூன்று வழி உண்டு. கடையில் விற்கும் அழுத்திய மரத்தூள் கட்டிகளோடு கலந்து எரிக்கலாம். ஒரு வாரத்துக்கான விறகை உள்ளே அடுக்கலாம், ஆனால் அடுப்பிலிருந்து நாலடியாவது தள்ளி. இப்படி உள்ளே அடுக்கினால் அந்த ஈரமெல்லாம் வீட்டுக் காற்றில் கலந்து ஜன்னலில் வேர்க்கும். அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

மூன்றாவது, காணியில் நின்றபடியே செத்த ஆஷ் மரங்கள். மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002இல் டெட்ராய்ட்டிலும் எல்லைக்கு இப்பால் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை அது வரிசையாகத் தின்றுகொண்டு வருகிறது. செத்து நிற்கும் ஆஷின் மேற்பகுதி பெரும்பாலும் ஓரளவு காய்ந்திருக்கும். ஆனால் அந்த மரம் எளிதில் முறியும், அரியும் அதிர்விலேயே மேற்கிளை தலையில் விழலாம். தனியாகப் போய் வெட்டாதீர்கள், வாள் பிடித்துப் பழக்கமில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, நகரத்து வீட்டில் வெட்டிய மரத்தைக் காரில் ஏற்றி இங்கே கொண்டு வராதீர்கள். வண்டு ஊர்மாறுவதே அப்படித்தான், விறகை இடம்மாற்றுவதற்கு மத்திய அரசின் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன.

ஈர விறகின் உண்மையான ஆபத்து கண்ணாடியில் இல்லை, குழாய்க்குள் இருக்கிறது. புகைபோக்கிக்குள் புகை ஏறக்குறைய 120 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள தார் சுவரில் படியும். அதுதான் கிரியோசோட். இரவில் விறகு நீடிக்க வேண்டுமென்று காற்றை முழுக்க அடைத்துப் புகையவிட்டாலும் இதேதான் நடக்கும். காய்ந்த விறகாகவே இருந்தாலும் அப்படித்தான். குழாயில் ஒட்டும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது கட்டாயம், ஈர விறகு எரித்த வருடத்தில் இடையிலும் ஒருமுறை. விறகடுப்புகளைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தரும் வெட் (WETT) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள், காப்புறுதி நிறுவனங்களும் பெரும்பாலும் அந்த அறிக்கையைத்தான் கேட்கின்றன.

புகைக்குழாயில் ரயில் ஓடுவது போன்ற இரைச்சல்

கிரியோசோட் பற்றிக்கொண்டது. அடுப்புக் கதவையும் காற்று வாயையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியே கூட்டிப்போங்கள், 911ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாக அணைந்துவிட்டாலும் குழாயைப் பரிசோதிக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. உள்ளே வெடித்திருக்கும் விரிசல் வெளியே தெரியாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்துகிறது

நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டால் பற்றரியோ கருவியோ முடிந்துவிட்டது. நான்கு நான்காக விடாமல் ஒலித்தால் வாயு. முதலில் வெளியே போங்கள், காரணத்தை அங்கே நின்று யோசிக்கலாம். இங்கே நான் பார்க்கும் காரணங்கள்: தணல் மட்டும் மிஞ்சியிருக்கும்போது டாம்பரை மூடுவது, பனியில் புதைந்த எரிவாயு ஹீட்டரின் புகைவாய், சூடான சாம்பல் வாளியை முன்கூடத்தில் வைப்பது. சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மரத் தளத்திலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி, வெறும் தரையில் வையுங்கள். வூட்ஸ்டொக் நகரில் 2008இல் அடைபட்ட புகைவழியால் ஒரு குடும்பமே இறந்தது. ஒன்ராறியோவில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

ஜனவரியிலேயே விறகு தீர்ந்துவிட்டது

வாங்கிய கணக்கைப் பாருங்கள். விறகை இங்கே கோர்ட் (cord) என்ற அளவில் விற்கிறார்கள். புஷ் கோர்ட் என்பது நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம், ஆக 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் முன்னால் நின்று பார்த்தால் அதே அளவுதான் தெரியும், ஆனால் ஒரு கட்டையின் நீளமே அதன் ஆழம், ஆக மூன்றிலொரு பங்கு. விலை மலிவாகத் தெரிந்தால் எந்தக் கோர்ட் என்று கேளுங்கள்.

கணக்குச் சரியென்றால் அடுப்புக் கதவின் கயிற்றுப் பட்டியைச் சந்தேகியுங்கள். ஆறிய அடுப்பில் ஒரு தாள்துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிக்க வேண்டும்; வழுக்கி வந்தால் பட்டி தேய்ந்துவிட்டது. டொலர் தாளை வைத்துப் பார்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள் உண்டு. கனடாவின் தாள்கள் 2011க்கும் 2013க்கும் இடையில் பிளாஸ்டிக்காக மாறிவிட்டன, வழுவழுப்பில் ஒன்றும் தெரியாது. சாதாரணக் காகிதமே போதும்.

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை

ஒரே ஒரு குழாயிலா, எல்லாக் குழாயிலுமா? அலைவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒரே குழாய் என்றால் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் பைப் உறைந்திருக்கிறது. அடுப்பங்கரைத் தொட்டிதான் முதல் சந்தேகம். அடியிலுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வீட்டுச் சூட்டை உள்ளே விடுங்கள். குழாயைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரால் குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுவர் நோக்கிச் சூடாக்குங்கள். இளகும் நீருக்கும் ஆவிக்கும் வெளியேற வழி வேண்டும், அதற்காகத்தான் இந்த வரிசை. நெருப்புச் சுவாலை காட்டும் கருவி வேண்டவே வேண்டாம். வீட்டை எரித்தவர்கள் இருக்கிறார்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் பைப் எங்கோ வெடித்திருக்கலாம், ஆனால் இளகும்வரை ஒழுகாது. ஆகவே தொடங்குவதற்கு முன் பிரதான வால்வு எங்கே என்று தெரிந்துகொண்டு, அருகில் ஓராளை நிறுத்துங்கள்.

எல்லாக் குழாயும் என்றால் நிலவறையில், கிணற்று நீரை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் பிரஷர் டாங்கின் அழுத்தமானியைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் 40க்கும் 60க்கும் இடையில் முள் நிற்கும், பழைய வீடுகளில் 30க்கும் 50க்கும்.

முள் சரியான இடத்தில் நிற்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை: டாங்குக்கு அப்பால் உறைந்திருக்கிறது. 

முள் பூச்சியம், பம்ப் ஓடவில்லை: பிரேக்கரைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் பிரஷர் சுவிட்சைத் தாங்கும் விரலளவுக் குட்டிக் குழாய் உறைந்திருக்கலாம். நிலவறை மூலையில் குளிர்காற்று படும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. மெல்லச் சூடாக்கினால் டக்கென்று சுவிட்ச் விழும் சத்தம் கேட்கும். மின்வெட்டுக்குப் பிறகு இப்படி ஆனால் சுவிட்சின் பக்கத்தில் சிறு நெம்புகோல் உண்டா என்று பாருங்கள். சில சுவிட்சுகள் அழுத்தம் அளவுமீறிக் குறைந்தால் பூட்டிக்கொள்ளும். நெம்புகோலைப் பிடித்து அழுத்தம் ஏறும்வரை வைத்திருக்க வேண்டும்.

முள் பூச்சியம், பம்ப் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கிறது: உடனே பிரேக்கரை அணையுங்கள், இல்லாவிட்டால் பம்ப் எரிந்துபோகும். கிணற்றிலிருந்து வரும் குழாய் உறைந்திருக்கலாம், கிணறே வற்றியிருக்கலாம். பனி மூடிய மண்ணில் உறைவு அதிகம் இறங்காது, பனி போர்வையாகிக் காக்கும். குழாய் கார் பாதைக்கு அடியில் போகிறதா? நீங்கள் ஒழுங்காகப் பனி தள்ளும் அந்த இடத்தில்தான் உறைவு ஆழமாக இறங்கும். இதை இளக்குவதற்குக் கருவியோடு வரும் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்களாகக் குழிதோண்டப் போகாதீர்கள்.

அடுத்த முறை உறையாமலிருக்க, குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நகரத்தில் சரி. செப்டிக் உள்ள வீட்டில் இதுதான் அடுத்த பிரச்சினையின் தொடக்கம்.

கழிவறை குளுகுளுக்கிறது, தண்ணீர் இறங்க மறுக்கிறது

வீட்டிலிருந்து செப்டிக் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரேயடியாகப் போகும் தண்ணீர் உறையாது, ஓடிவிடும். இரவெல்லாம் நூலளவு இறங்கும் நீர்தான் குழாயின் அடியில் மெல்லிய படலமாக உறைந்து, அதன்மேல் அடுத்த படலமாக, கடைசியில் வாயை அடைக்கும். சொட்டவிட்ட குழாய், ஒழுகும் கழிவறைத் தொட்டி, ஹீட்டரிலிருந்து கசியும் நீர், இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். குழாய் உறையும் பயத்துக்குச் சொட்டவிடுவதைவிட, உறையும் பைப்பில் ஹீட் கேபிள் என்னும் மின்சூட்டுக் கம்பியைச் சுற்றுவது நல்லது. அன்றிரவு சொட்டவிடுவதைத் தவிர வேறு வழியில்லையென்றால் அடியில் வாளி வைத்துப் பிடியுங்கள்.

ஒரே ஒரு தொட்டி மட்டும் இறங்கவில்லையென்றால் அது சாதாரண அடைப்பு. வீட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில், குறிப்பாக நிலவறைக் குளியலறையில், தண்ணீர் மேலே வந்தால்தான் வெளிக்குழாய். தண்ணீர்ப் பாவனையை நிறுத்திவிட்டு நீராவி அல்லது சுடுநீர்ப் பீய்ச்சி உள்ளவரைக் கூப்பிடுங்கள். உப்பு, காருக்கு ஊற்றும் உறைதடுப்பி எதையும் கொட்டாதீர்கள். செப்டிக்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், மிச்சம் உங்கள் கிணற்றுப் பக்கம் போகும். தொட்டியின் கழிவுநீர் மண்ணுக்குள் வடியும் செப்டிக் படுகையின்மேல் பிள்ளைகள் ஸ்னோமொபைல் ஓட்டினால் அதையும் நிறுத்துங்கள். அமுங்கிய பனி காக்காது.

ஜன்னல் வேர்க்கிறது, மழையில்லாமல் கூரை ஒழுகுகிறது

வெளியே மைனஸ் 20 என்றால் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது. இட்லி அவிப்பது, புட்டு அவிப்பது, துணியை உள்ளே காயப்போடுவது, மேலே சொன்ன ஈர விறகு, எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். சமையலுக்கு விசிறி போட வேண்டும்தான். ஆனால் அடுப்பு எரிகிறதென்றால் ஜன்னலையும் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள்.

அந்த ஈரக்காற்று கூரைப்பரண் மூடியின் இடுக்கால் மேலேறி, ஆணிமுனைகளில் வெண்பனியாகப் படியும். ஜனவரி நடுவில் ஓரிரு நாள் வெயில் வந்ததும் எல்லாம் ஒன்றாக உருகிச் சொட்டும். கூரை ஓட்டை என்று நினைத்து ஓடு மாற்ற ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கைவிளக்கோடு பரணில் ஏறிப் பார்த்தால் செலவு மிஞ்சும்.

கறை வெளிச்சுவர் ஓரமாக இருந்து, வெளியே கூரை விளிம்பில் பெரிய ஐஸ் ஈட்டிகளும் தொங்கினால் அது வேறு. வீட்டுச் சூடு கூரையைச் சுடவைக்க, உருகிய நீர் குளிர்ந்த விளிம்பில் வந்து உறைந்து அணை கட்டுகிறது. பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கடியில் ஏறுகிறது. கோடரியால் கொத்தாதீர்கள். நீண்ட கைப்பிடிக் கூரை வாரியால், தரையில் நின்றபடி, விளிம்பிலிருந்து நாலைந்து அடிவரை பனியை இழுத்து விடுங்கள். பழைய காலுறையில் கல்சியம் குளோரைட்டு நிரப்பி அணைக்குக் குறுக்கே போட்டால் நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டும். வசந்தத்தில் பரண் இடுக்குகளை அடைப்பதுதான் உண்மையான வேலை.

வீட்டுக்குள்ளிருக்கும் கதவுகள் திடீரென்று இறுகினால் கூரையில் பாரம் அதிகம். அதை நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் கைவிட்டது

2025 மார்ச் இறுதியில் உறைமழை ஒரில்லியா, பீற்றர்பரோ பகுதிகளைத் தாக்கியபோது பல வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மரங்கள் கம்பிமேல் விழும் ஊரில் ஜெனரேட்டர் ஆடம்பரமில்லை.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால் பழைய பெற்றோல். கோடையிலிருந்து தங்கிய எரிபொருள் கார்புரேட்டரைப் பிசுபிசுப்பாக்கிவிடும். வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, இனிமேல் நிலைப்படுத்தும் மருந்து கலந்து வையுங்கள். ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால் எண்ணெய் மட்டம். குறைந்தால் அது தானாகவே மறுக்கும். ஓடுகிறது, விளக்கும் எரிகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லையா? ஆழ்கிணற்றுப் பம்புகளில் பெரும்பாலானவை 240 வோல்ட், சின்ன ஜெனரேட்டர்கள் 120 மட்டுமே தரும். இதை வாங்குமுன் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே, புகைவாய் வீட்டைப் பாராமல் வையுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. இரு முனையிலும் ஆண் பிளக் உள்ள கம்பியால் வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வித்தையை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். தெருக்கம்பியைப் பழுதுபார்க்கும் ஆளுக்கு அது சாவு.

இரவில் வெடிச் சத்தம்

துப்பாக்கி போல ஒன்று கூரையில் கேட்டால் மரச்சட்டம் சுருங்குகிறது. காட்டுக்குள்ளிருந்து வந்தால் மரப்பட்டை பிளக்கிறது. நிலமே அதிர்ந்தால் நிலநீர் திடீரென்று உறைந்து விரியும் பனிநடுக்கம். 2013 டிசம்பர், 2014 ஜனவரி நாட்களில் ரொறன்ரோவிலேயே பலர் அதைக் கேட்டுப் பயந்தார்கள். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தூங்குங்கள்.

ஸ்னோபுளோவர் ஓடுகிறது, பனியை எடுக்கவில்லை

எஞ்சின் ஓடி, முன்னுள்ள திருகு சுழலாவிட்டால் ஷியர் பின் முறிந்திருக்கும். கல்லிலோ நகராட்சி வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போன ஐஸ்கட்டியிலோ மோதினால் மற்றதைக் காக்க அது முறியத்தான் வேண்டும். சாதாரண போல்ட் போட்டால் அடுத்தது கியர்ப்பெட்டி. திருகு சுழன்றும் பனி பறக்கவில்லையென்றால் வாய் அடைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திய பின்னும் கையை விடாதீர்கள், இறுகிய அடைப்பு விடுபடும்போது அலகு ஒரு சுற்றுச் சுற்றும். தடியால் குத்துங்கள். எடுத்த பனியைத் தெருவில் தள்ளுவது மாகாணச் சட்டப்படி குற்றம். மைனஸ் 18க்குக் கீழே சாதாரண உப்பு வேலை செய்யாது, மணல் தூவுங்கள். கிணறு பாதைக்கு அருகிலென்றால் எந்தக் குளிரிலும் மணல்தான்.

சுவருக்குள் கீறும் சத்தம்

எலி. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை போதும். குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களில் இரும்புக் கம்பளியைத் திணித்து மேலே பூசுங்கள், பொறியில் சீஸைவிட வேர்க்கடலை வெண்ணெய் நன்றாகப் பிடிக்கும். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். சில எலிகள் ஹன்ரா வைரசைச் சுமக்கும், தூசியோடு மூக்கில் ஏறும். பிளீச் கலந்த நீரைத் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். விஷம் வைத்தால் செத்த எலியை ஆந்தை தின்னும், இல்லாவிட்டால் சுவருக்குள் கிடந்து நாறும். பறவைக்குப் போடும் விதைகளை இரும்பு டிரம்மில் வையுங்கள், அந்தத் தீன்பெட்டியை ஏப்ரலில் இறக்கிவிடுங்கள், அப்போது கரடி எழும்பிவிடும். காரில் ஹீட்டர் போட்டதும் நாற்றம் வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், கூடு அங்கேதான் இருக்கும்.